வெறுங்கை நடை

ஜவ்வாது மலையில் எடை என்றால் வெகுகாலம் தலையில் இருக்கும் சுமையின் எடைதான். புளி மூட்டை எத்தனை கிலோ, விறகுக் கட்டு எத்தனை கிலோ என்று பேசுவார்கள். அதைச் சுமக்கும் ஆள் எத்தனை கிலோ என்று யாரும் கேட்டதில்லை. ஆளை நிறுக்கும் வழக்கத்தை அங்கே கொண்டு ஏறியவர்களில் நானும் ஒருத்தி. எனக்குச் சொந்த ஊர் போளூர். 1980களின் கடைசியில் கிராம சுகாதார செவிலியராக ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனேன். அப்போது தராசை எடுத்துக்கொண்டு போனது ஒரே கேள்விக்காக: எடை போதுமா? குழந்தைக்குப் போதுமா, வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் போதுமா? நான் ஓய்வு பெறும் சமயத்தில் கர்ப்பிணிகளை நிறுத்த அதே தராசில் அறுபது வயதுக்காரர்களை ஏற்றி, எடை அதிகமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் பணிக்காலத்துக்குள் கேள்வி தலைகீழாகிவிட்டது. அதற்கு முன்னால் அந்த மலையில் மனிதர்கள் எப்படி நடந்தார்கள் என்று தெரிந்தால்தான் இது எப்படி நடந்தது என்பது புரியும்.

இன்று ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. 1989 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஏறலாம். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வழியாகவும் ஏறலாம். காவலூர் வானாய்வகம் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் ஏற்றம் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். இமயமலை அளவுக்கு மூச்சு முட்டாது. ஆனால் முட்டிக்குத் தெரியும்.

மலையாளி என்று பெயர் கொண்ட இந்தப் பழங்குடி மக்களின் பூர்வீகக் கதையே நடையில்தான் தொடங்குகிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். இவர்கள் இளக்காரமாக மறுத்தார்கள். அவர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக் கருமாதி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. ஆட்கள் நீந்திக் கரையேறி, வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினால், வீட்டில் மனைவிகள் தாலி அறுத்து உட்கார்ந்திருந்தார்கள். கருமாதி முடிந்தவனுக்கு ஊரில் ஏது இடம்? வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிப் பயிர் செய்யத் தொடங்கினார்கள் என்று கதை முடிகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. கதை மெய்யோ பொய்யோ, காஞ்சியிலிருந்து கங்குந்திக்கும் அங்கிருந்து மலைக்கும் நடந்த கால்களைத் தங்கள் முன்னோர் என்று ஒரு சமூகம் நினைவில் வைத்திருக்கிறது.

அதற்கும் வெகு முன்னால், மலையின் தெற்கு அடிவாரத்துச் செங்கம் நன்னன் என்ற குறுநில மன்னனின் ஊராக இருந்தபோது, அவனைப் பாடிய மலைபடுகடாம் ஒரு நடைவழிக் கையேடாகவே அமைந்தது. பெருங்கௌசிகனாரின் 583 அடிகளில் பெரும்பகுதி, மலைப்பாதையில் போகும் கூத்தர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை: பன்றிக்கு வைத்த பொறி, புனம் காப்போர் வீசும் கவண்கல், பாம்பு, இன்ன இடத்தில் இன்ன சோறு. அவர்களும் யாழையும் முழவையும் சுமந்துதான் போனார்கள். இந்த வட்டாரத்தில் சும்மா நடந்தவர் என்று ஒருவரையும் பழைய பதிவுகளில் நான் சந்தித்ததில்லை.

நான் போன காலத்திலும் அப்படித்தான். மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், கொள்ளு, பலா, சீத்தாப்பழம், விறகு எல்லாம் இறங்கும். உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், சீலைத்துணி ஏறும். கடுக்காய் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் இடங்களுக்குப் போகும். சும்மாட்டை வைத்து, அதன்மேல் கூடையை ஏற்றி, இடுப்பில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பெண்கள் இறங்குவார்கள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில், என்னைவிட இருபது வயது மூத்த ஆயா கூடையை இறக்காமலே நின்று பேசிவிட்டு, "நீ மெள்ள வா நர்சம்மா" என்று முன்னால் போய்விடுவார்.

அந்த உடம்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. நெஞ்சு நிமிர்ந்து, கழுத்து நேராக, வயிறு ஒட்டி. ஆனால் அந்த ஒட்டிய வயிற்றில் பாதி பசி. ஆடியில் சாமை விதைத்துவிட்டு அறுவடை வரும்வரை கிழங்கும் கீரையுமாக ஓட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். இரத்தசோகை இல்லாத கர்ப்பிணியைப் பார்ப்பது அபூர்வம். மலைக்காரர்கள் இயற்கையோடு வாழ்ந்து ஒல்லியாக இருந்தார்கள் என்று நகரத்து ஆட்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். உழைப்புக்குத் தகுந்த சோறு இல்லாததால் வந்த ஒல்லியை ஆரோக்கியத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அந்தக் கால்களுக்கு விலை பேசியவர்களும் உண்டு. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடு ஒதுக்கப்பட்ட காடானது. சந்தனம் சர்க்கார் சொத்து. மலை ஏறி இறங்கத் தெரிந்த, பாரம் தூக்கப் பழகிய உடம்பு மட்டும் மலைக்காரனின் சொந்தம். அதைத் தேடி, மரம் வெட்ட ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். உடல் வலிமை ஒரு மலைக்கு எப்படி ஆபத்தாகவும் முடியும் என்பதை அந்த வருஷம்தான் முழுதாக உணர்ந்தேன்.

வீட்டுக்குள் இருந்த உழைப்பு இன்னொரு வகை. சாமையைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. அந்தச் சாமை சோறாவதற்கு முன் ஒரு பெண்ணின் தோளைக் கேட்டுவிடும். அறுத்த கதிரைக் களத்தில் மாடு விட்டு மிதிக்க வேண்டும், தூற்ற வேண்டும், காயவைக்க வேண்டும். பிறகு உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட்டுக் குத்த வேண்டும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். கை மேலே போகும், இடுப்பு மடங்கும், கால் பாதம் தரையைப் பற்றும். கேழ்வரகுக்குத் திருகைக்கல் தனி. இன்று உடற்பயிற்சி நிலையத்தில் நெஞ்சுக்கு, தோளுக்கு, தொடைக்கு என்று தனித்தனியாகக் காசு கட்டிச் செய்வதெல்லாம் ஒரு வேளைச் சோற்றுக்குள் அடங்கியிருந்தது. அறுபது வயதான மாமியாரும் அதிலிருந்து தப்ப முடியாது. குத்துவதை மருமகளிடம் விட்டாலும் புடைப்பது அவர் வேலை.

இந்த உழைப்பு போன வருஷங்களைத் துல்லியமாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அவை அரசாணைகளாக வந்தன. 2006இல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். அதே 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே மாவு மில் ஆங்காங்கே வந்திருந்தது. உரல் வாசலுக்குப் போயிற்று, மழைத் தண்ணீர் பிடித்தது. குத்தத் தேவையில்லாத அரிசி வீட்டுக்கு வந்தபோது, சாமை விற்பனைப் பொருளாயிற்று. ஜவ்வாது மலைச் சாமை பொட்டலமாகச் சென்னைக்குப் போகிறது. விளைத்தவர் வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு.

சாலையும் அதே காலத்தில் வந்தது. மினிபஸ், ஷேர் ஆட்டோ, பிறகு வீட்டுக்கு வீடு டூவீலர். இதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து பிரசவ வலி வந்தவர்களைக் கம்பில் தூளி கட்டித் தூக்கி வந்ததைப் பார்த்தவள் நான். 2023 மே மாதத்தில்கூட, வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தே போக வேண்டியிருந்தது, ஆம்புலன்ஸ் போகச் சாலை இல்லாததால். சாலை வேண்டும், மிக்சி வேண்டும், அரிசி வேண்டும். உழைப்பைக் குறைத்தவை அத்தனையும் நல்லவைதான். ஆனால் மூன்றும் இருபதே வருஷத்துக்குள் வந்து சேர்ந்தபோது, நாற்பது வயதுவரை மலை ஏறிய உடம்பு ஐம்பதில் உட்கார்ந்துவிட்டது. தீனி மட்டும் உழைத்த காலத்து அளவிலேயே இருந்தது. ஏன், கூடவே செய்தது. பசித்திருந்தவர் வீட்டில் அரிசி நிறைந்தால் தட்டும் நிறையத்தானே செய்யும்?

2012இல் தமிழ்நாடு முழுக்க 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் திட்டம் விரிவானது. மலையிலும் பார்த்தோம். சாலையோரத்து ஊர்களில், கடை வைத்தவர்கள், பென்ஷன்காரர்கள், கீழே பிள்ளைகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் அழுத்தம் அதிகமாக இருந்தது. உள்ளே தள்ளி இருந்த ஊர்களில் இன்னும் எடை குறைந்த முதியவர்கள். ஒரே நாளில் ஒரு வீட்டில் அதிக எடையையும் அடுத்த வீட்டில் குறைந்த எடையையும் எழுதியிருக்கிறேன். நம் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது என்பது கணக்கு. அளவு நாடாவைச் சுற்றும்போது ஆயாக்கள் சிரிப்பார்கள். "ரவிக்கை தைக்கவா நர்சம்மா?" என்பார்கள்.

உட்கார்ந்தால் உடம்பு கெடும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியது லண்டனில். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் லான்செட் இதழில் எழுதினார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. 1956இல் இன்னொரு வேலை செய்தார். பேருந்து நிறுவனம் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரியதாக இருந்தது. மாரிஸ் 99 வயது வரை இருந்து 2009இல் காலமானார். இரண்டு மாடிப் பேருந்தில் அவர் கண்டதை நாங்கள் ஒரு மலையில் கண்டோம். இங்கே நடத்துநர்கள் எல்லோரும் ஒரே தலைமுறையில் ஓட்டுநர்களாகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, நடங்கள் என்று சொன்னோம். அங்கேதான் சிக்கல். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், முட்டிவலி, சர்க்கரை, எடை 70ஐத் தொட்டது. காலையில் அரைமணி நேரம் நடங்கள் என்றேன். "எங்க?" என்றார். எங்கேயும் இல்லை, சும்மா போய்விட்டுத் திரும்பி வாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேல இல்லாம ரோட்டுல போனா ஊருல என்னான்னு நெனப்பாங்க? கையில ஒரு அருவாளாவது இருக்க வேணாமா?" என்றார். அடுத்த தடவை போனபோது நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தலையில் விறகோடு. முட்டிக்கு அதைவிடக் கெடுதல் உண்டா?

2005இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் முட்டித் தேய்மானம் உள்ள, எடை கூடிய முதியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். இதை மலையில் சொன்னபோது உடனே புரிந்தது. சுமைக் கணக்கு அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. "அப்ப மூணு கிலோ எறங்குனா ஒரு கல்லு மூட்டையே எறங்குன மாதிரி" என்றார் ஒரு தாத்தா. 70 கிலோ ஆள் மூன்றரை கிலோ குறைத்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும். இருபது கிலோ குறைத்துப் பழைய ஒல்லிக்குப் போக வேண்டியதில்லை. போகவும் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வயதான காலத்தில் எடை குறையும்போது கொழுப்போடு சதையும் போகும். சதை போனால் எழுந்திருக்க முடியாது, விழுந்தால் இடுப்பு எலும்பு உடையும். அதனால் பட்டினி உதவாது. கொள்ளு, மொச்சை, முட்டை வேண்டும். முயற்சி செய்யாமலே ஒருவர் எடை இறங்குகிறது என்றால் மகிழ்ச்சி அடையக் கூடாது, காசநோயும் சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரிசியிலும் சாமையிலும் 100 கிராமுக்குக் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். நார்ச்சத்து சாமையில் கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும். அளவில்லாமல் சாப்பிட்டால் சாமையிலும் உடம்பு ஏறும். அந்தக் காலத்துச் சாமை யாரையாவது ஒல்லியாக வைத்திருந்தது என்றால் அதில் பாதிப் பெருமை உலக்கைக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: 65 தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமாக உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் தசைக்கு வலுவூட்டவும் பயிற்சி வேண்டும். மலையில் இதை இப்படிச் சொல்லிக்கொடுத்தோம்: இறக்கத்தில் நடக்காதீர்கள், முட்டி கெடும்; சமதளமாகச் சாலை போகும் இடத்தில் நடங்கள். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட முடியாத வேகம் போதும். திண்ணையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்துத் தடவை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். செருப்புப் போடுங்கள், சர்க்கரைக்காரர் காலில் முள் குத்தினால் தெரியாது.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று சிலர் கைப்பேசியைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள். அந்த எண் மருத்துவத்தில் பிறந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. 2019இல் வெளியான, 16,741 வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களைவிட நெடுநாள் இருந்தார்கள். 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இந்த எண்ணைப் பார்த்து எனக்கும் நிம்மதி. ஓய்வுக்குப் பின் போளூரில் உட்கார்ந்து நானும் பருத்துத்தான் போனேன். ஊர்க் குன்றான சம்பத்கிரியின் படி ஏற முட்டி ஒப்பவில்லை. அடிவாரத்துத் தெருக்களில் மெதுவாக நடக்கிறேன். எடை மெள்ளத்தான் இறங்குகிறது, ஆனால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறது.

அரசும் தன் பங்குக்குச் செய்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. நல்லது. மலையில் எட்டுக் கிலோமீட்டர் பெரிய தூரம் இல்லை, பலகை இல்லாமலே நடந்தவர்கள் அவர்கள். மலைக்கு வேண்டியது வேறு: பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் அரைக் கிலோமீட்டர் சமமான ஓரப்பாதை, நடுவில் உட்கார ஒரு மேடை, கூட நடக்க நாலு பேர்.

இந்த மலையில் கால்கள் இதுவரை பிறருக்காகவே நடந்தன. கடுக்காய் வாங்குபவனுக்காக, சந்தைக்காக, உலைக்காக, பிள்ளைக்காக, சில சமயம் மரம் கடத்துபவனுக்காக. ஒரு முதிய பெண் தன் முட்டிக்காக, தன் இரத்தத்துக்காக, தலையில் ஒன்றும் இல்லாமல் நடப்பது ஜவ்வாது மலையின் வரலாற்றில் சாலையைவிடவும் மிக்சியைவிடவும் புதிய காரியம். அதைச் சோம்பேறித்தனம் என்று பார்க்கும் கண்தான் இப்போது மிச்சமிருக்கும் ஏற்றம். நாலு பேர் சேர்ந்து நடக்கும் ஊரில் அந்தக் கண் சீக்கிரம் பழகிவிடுவதைப் பார்த்தேன். கையில் அரிவாள் கேட்ட அந்த அம்மா பிறகு அண்டை வீட்டு அண்ணியைச் சேர்த்துக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "எங்கயும் இல்ல, நடக்கறோம்" என்று இருவரும் ஒன்றாகச் சொல்கிறார்கள்.